பட்டா எங்கே, பட்டன் எங்கே? – இணையப் பக்கத்தில் மெனு ஒளிந்துகொண்டால் யாருக்குச் செலவு?

நவம்பர் முதல் பாதியில் பட்டுக்கோட்டைப் பக்கம் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும், எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல். "தம்பி, சம்பாவுக்கு இன்சூரன்ஸ் போடணும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பவர்களில் பலரது சட்டைப் பையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் ஓடுகிறது. யூடியூப் ஓடுகிறது. உரக்கடைக்கு யுபிஐ-யில் பணமும் போகிறது. அரசு இணையதளத்தை மட்டும் அவர்கள் தாங்களாகத் திறப்பதில்லை.

கேட்டால், "அதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா" என்பார்கள். இந்தப் பதிலை நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டு, படிப்பு போதவில்லை, வயசாகிவிட்டது, டெல்டாவில் டிஜிட்டல் விழிப்புணர்வு வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் ஒரே ஆள், ஒரே போன். அதே விரல் யுபிஐ-யில் க்யூஆர் கோடைச் சரியாக ஸ்கேன் செய்து, ரகசிய எண் போட்டு, பணம் போனதா என்று திரையைப் பார்த்து உறுதியும் செய்துகொள்கிறது. அங்கே புரிகிறவருக்கு இங்கே ஏன் புரியவில்லை? பிரச்சினை ஆளிடம் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்று சந்தேகப்பட இது போதுமான காரணம்.

ஒரு இணையப் பக்கத்தில் எது மேலே, எது கீழே, மெனு எந்த மூலையில், பட்டன் எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் டிசைனர்களின் ரசனை விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரசனையைத் தாண்டி அதில் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சில நேரம் உரிமையும் இருக்கிறது.

இலையில் எது எங்கே?

தஞ்சாவூர்க்காரர்களுக்கு லே-அவுட் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலைவாழை இலையைப் பார்த்தால் போதும். நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம். கூட்டு, பொரியல், ஊறுகாய் எல்லாம் மேல் பாதியில். சோறு கீழ் பாதியில், கைக்குப் பக்கத்தில். அடிக்கடி கை போகிற இடம் அருகில், தொட்டுக்கொள்கிறது தள்ளி. எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் ஊறுகாயைத் தேட வேண்டியதில்லை. கண் பார்க்காமலேயே கை போகும்.

தினசரிக் காலண்டரும் இப்படித்தான். நடுவில் தேதி, தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிசாக. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில், பொடி எழுத்தில். காலண்டர் வாங்கிய முதல் வாரம் மட்டும்தான் தேட வேண்டும். அதன் பிறகு வருஷம் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

இணையப் பக்க வடிவமைப்பில் 'கன்சிஸ்டன்சி' என்று சொல்வதும், 'விஷுவல் ஹையரார்க்கி' என்று சொல்வதும் இதைத்தான். எது முக்கியமோ அது பெரிதாக. எது எங்கே இருந்ததோ அது அங்கேயே. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மாநிலத்தில் ஒரு விவசாயி ஒரு போகத்தில் தொட வேண்டிய தளங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒன்றில் மொழி மாற்றும் பட்டன் மேல் வலது மூலையில். இன்னொன்றில் மெனுவுக்குள். ஒன்றில் 'சமர்ப்பி', இன்னொன்றில் 'சப்மிட்', வேறொன்றில் 'தொடர்க'. ஒவ்வொரு தளமும் புது வருஷக் காலண்டர். ஒவ்வொரு முறையும் முதல் வாரம்.

ஒரு பக்க அமைப்பு, ஒரு தேர்தல்

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால், 2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்க்கலாம். புளோரிடா மாகாணத்தின் பாம் பீச் கவுன்டியில் அந்த முறை வாக்குச்சீட்டை வடிவமைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அங்கே வயதானவர்கள் அதிகம். எழுத்து சின்னதாக இருந்தால் படிக்க முடியாது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியதும் வேட்பாளர்கள் அனைவரும் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. இடது பக்கம் சிலர், வலது பக்கம் சிலர், நடுவில் துளையிடும் வரிசை. பார்க்க வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு இறக்கையும் சமமாக, அழகாகத்தான் இருந்தது.

சிக்கல் நடுவில். இடது பட்டியலில் முதல் பெயர் ஜார்ஜ் புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை கோருக்கு உரியதல்ல. வலது பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று மனிதர்கள் இயல்பாகத்தான் நினைப்பார்கள். புக்கானனுக்கு அந்த கவுன்டியில் 3,407 ஓட்டு விழுந்தது. இரண்டு துளையிட்டதால் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. புளோரிடாவில் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 ஓட்டு. கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டோர் தவறுதலாக புக்கானனுக்குப் போட்டார்கள் என்று பின்னர் அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நம்ம ஊர் வாக்குப்பதிவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசை. அதில் பெயர், படம், சின்னம், அதே நேர்கோட்டில் நீலப் பட்டன். அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு. ஒரு யூனிட்டில் 16 வரிசை. ஆட்கள் கூடினால் இன்னொரு யூனிட்டைச் சேர்ப்பார்களே தவிர, இரண்டு பக்கமும் பெயர் போட்டு நடுவில் பட்டன் வைப்பதில்லை. இயந்திரத்தைப் பற்றி வேறு என்ன சர்ச்சை இருந்தாலும், 'எந்தப் பட்டன் யாருக்கு' என்ற குழப்பம் இல்லை. படிக்கத் தெரியாதவரும் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார். நல்ல லே-அவுட் என்றால் இதுதான். யாரும் அதை டிசைன் என்று பாராட்டுவதுகூட இல்லை.

மெனு யாருடைய வரைபடம்?

இப்போது டெல்டாவுக்குத் திரும்புவோம். பட்டுக்கோட்டை வட்டாரத்தில் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் சம்பா போட்டிருக்கும் ஒருவருக்கு ஒரு பருவத்தில் என்னென்ன தேவைப்படும்? பட்டா வேண்டும்: அது வருவாய்த் துறை. பயிர்க் காப்பீடு வேண்டும்: வேளாண் துறை, மத்திய அரசின் தளம். பயிர்க்கடன்: கூட்டுறவுத் துறை. தண்ணீர் எப்போது திறப்பார்கள்: நீர்வளத் துறை. அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட: நுகர்பொருள் வாணிபக் கழகம், அதாவது உணவுத் துறை.

அவருக்கு இது ஐந்து துறை அல்ல. ஒரே வயல்.

ஆனால் பெரும்பாலான அரசுத் தளங்களின் மெனு, அலுவலகத்தின் அறைகளைத்தான் வரைந்து காட்டுகிறது. மாவட்டம் பற்றி, நிர்வாக அமைப்பு, துறைகள், அறிவிப்புகள், ஆவணங்கள் என்று போகும். தாலுகா ஆபீஸுக்குப் போனால் 'எந்த செக்‌ஷன், எந்த சீட்' என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா, அதே கதைதான். சீட் தெரிந்தவருக்கு வேலை நடக்கும். தெரியாதவர் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும். நேரில் இருந்த இடைத்தரகர் இணையத்திலும் தேவைப்படுகிறார் என்றால், கட்டடம் மட்டும்தான் ஆன்லைனுக்கு மாறியிருக்கிறது.

பிரிட்டனில் 2012 அக்டோபரில் அரசின் தகவல் தளங்களை 'கவ் டாட் யூகே' என்ற ஒரே தளத்துக்குள் கொண்டுவரத் தொடங்கியபோது அவர்கள் முதலில் கைவைத்தது இதில்தான். பயனாளிகளின் தேவையிலிருந்து தொடங்கு, அரசின் தேவையிலிருந்து அல்ல என்பது அவர்களின் முதல் வடிவமைப்பு விதி. எந்த அமைச்சகம் என்று தெரியாமலேயே 'வாகன வரி கட்ட', 'பாஸ்போர்ட் புதுப்பிக்க' என்று வேலையின் பெயரைக் கொண்டே உள்ளே போகலாம். படம் கிடையாது, ஓடும் எழுத்து கிடையாது. வெள்ளைப் பக்கத்தில் கருப்பு எழுத்து, ஒரு பச்சை பட்டன். அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. பரிசு வாங்கிய அந்தப் பக்கத்தைப் பார்த்தால், 'இதுல என்ன இருக்கு?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

தமிழ்நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் உதாரணம் உண்டு. வருவாய்த் துறையின் பட்டா, சிட்டா பார்வையிடும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளம். தோற்றத்தில் பழசு. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் பக்கத்திலேயே பட்டா பார்வையிட, அ-பதிவேடு பார்வையிட, விண்ணப்ப நிலை அறிய என்று வேலைகள் தமிழில் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போனால் மாவட்டம், வட்டம், கிராமம், பிறகு பட்டா எண் அல்லது புல எண் – நிலத்தைப் பற்றி நம் ஆட்கள் வாயால் சொல்லும் அதே வரிசை. பெரிய திரையை மனதில் வைத்துச் செய்த கட்டமைப்பு என்பதால் போனில் சிரமம் இருக்கலாம். ஆனாலும் வேலை முன்னால், அலுவலகம் பின்னால் என்ற வகையில், பளபளப்பான பல புதிய தளங்களைவிட இது மேல்.

மூன்று கோட்டுக்குள் ஒளிந்த கதவு

போனில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் மூலையில் மூன்று கோடு இருக்கும். 'ஹாம்பர்கர் மெனு'. இதற்கு வயது நாற்பதுக்கு மேல். ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கணினிக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. அந்தக் கணினி 1981-ல் வெளிவந்தது. பிறகு பல காலம் பெரிதாகப் பேச்சே இல்லை. ஸ்மார்ட்போன் வந்ததும், சின்னத் திரையில் மெனுவை எங்கே வைப்பது என்று தெரியாத எல்லோரும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இடம் மிச்சம். உண்மைதான். ஆனால் ஒளித்து வைத்த பொருளை யார் தேடுவார்கள்? நீல்சன் நார்மன் குழு 2016-ல் 179 பேரை வைத்து இதைச் சோதித்தது. மெனுவை முழுசாக ஒளித்து வைத்த தளங்களில், தேடியதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. போனில், ஒளித்த மெனுவை 57 சதவீத நேரம்தான் பயன்படுத்தினார்கள். முக்கியமான சிலவற்றை வெளியில் காட்டி மீதியை மட்டும் உள்ளே வைத்தபோது அது 86 சதவீதம்.

அந்த மூன்று கோடு ஒரு கதவு என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம் தினமும் அதைத் திறக்கிறோம். மாதம் ஒரு முறை இணையதளம் பார்க்கிறவருக்கு அது வெறும் அலங்காரக் கோடு. பக்கத்தில் 'மெனு' என்று இரண்டு எழுத்து எழுதி வைத்தால் இடம் ஒன்றும் குறைந்துவிடாது. அதைவிட நல்லது, நான்கு முக்கிய வேலைகளை வெளியே எடுத்துக் கீழே வைப்பது.

ஏன் கீழே? இங்கேதான் கட்டைவிரல் வருகிறது. ஸ்டீவன் ஹூபர் என்ற ஆய்வாளர் 2013-ல் தெருவில், ரயிலில், பஸ் ஸ்டாண்டில் 1,333 பேர் போன் பயன்படுத்துவதை நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார். 49 சதவீதம் பேர் ஒரே கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். அப்போது போன்கள் இன்னும் சின்னதாக இருந்த காலம். இன்றைய போனில் மேல் மூலையைத் தொட, இன்னொரு கை வேண்டும் அல்லது போனை உள்ளங்கையில் நகர்த்த வேண்டும். ஆப்பிள் நிறுவனமே 2021-ல் தன் சஃபாரி உலாவியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியது. முதலில் ஏகப்பட்ட எதிர்ப்பு. இப்போது பலருக்கும் பழகிவிட்டது.

பட்டனின் அளவுக்கும் கணக்கு உண்டு. ஒரு இலக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதைத் தொட ஆகும் நேரம் அமையும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே சூத்திரம் போட்டுக் காட்டினார். தொடும் பட்டன் குறைந்தது 44 புள்ளி அளவு இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள்; 48 என்கிறது கூகுள் – ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு இது சொகுசு இல்லை, குறைந்தபட்சத் தேவை.

(செய்தித் தளங்கள் இதில் யோக்கியம் என்று சொல்ல முடியாது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று வாசகர்களுக்கே தெரியும். தெரியாமல் நடந்தால் அது மோசமான லே-அவுட். தெரிந்தே செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டு: மறைமுக வடிவமைப்பு உத்தி, 'டார்க் பேட்டர்ன்'. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது.)

தமிழ் கொஞ்சம் இடம் கேட்கும்

ஆங்கிலத்தில் எஃப்-ஏ-க்யூ என்று மூன்று எழுத்து. தமிழில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்'. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிகிற 'ஹோம்' தமிழில் 'முகப்பு' என்று அடங்கிவிடும். ஆனால் 'டவுன்லோட்' என்பது 'பதிவிறக்கம் செய்யவும்' ஆகும்போது பட்டனை விட்டு வெளியே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் முழு டிசைனையும் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் தமிழை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். மெனு இரண்டு வரியாக மடங்கும். கடைசி வார்த்தை பாதியில் வெட்டுப்படும். 'விண்ணப்பிக்க' என்பது 'விண்ணப்…' என்று மூன்று புள்ளியோடு நிற்கும். எதை விண்ணப்பிக்க என்பதுதான் அந்தப் புள்ளிகளுக்குள் போயிருக்கும்.

தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பக்கத்தின் அகலம் சுமார் 360 பிக்சல். அதில் 'விண்ணப்பித்தவர்களுக்கான' என்ற ஒரே சொல் வரியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அச்சு நாளிதழில் நீளமான சொல்லை வரி முடிவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள்; வாசகர் கண் அதற்குப் பழகியிருக்கிறது. பிரவுசர் தானாக அப்படி உடைக்காது, கோடில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துக் கட்டினால், சொற்களுக்கு நடுவே ஓடை ஓடும். போனில் தமிழை இடது ஓரம் மட்டும் நேராக விட்டு, வலது ஓரத்தைச் சும்மா விடுவதுதான் படிக்க வசதி.

வரி இடைவெளி இன்னொன்று. 'கி', 'கீ' கொம்பு மேலே ஏறும். 'கு', 'மூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பொருத்தமான இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும். எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக்குவதைவிட, வரிகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று விடுவது பல நேரம் அதிகம் உதவும்.

ஒரு காலத்தில் தமிழ்ப் பக்கம் திறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துருவை இறக்கிப் போட வேண்டும். அந்தக் கலாட்டாவை யூனிகோட் முடித்துவைத்தது. தமிழக அரசும் 2010-ல் அதைத் தரமாக ஏற்றது. எழுத்து தெரிவது என்ற சிக்கல் தீர்ந்தது. எழுத்துக்கு இடம் கொடுப்பது என்ற சிக்கல்தான் மிச்சம். இதற்கு நடுவில், இன்னும் பல அறிவிப்புகள் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஆகவே வருகின்றன. போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியதுதான். பார்வைக் குறைபாடு உள்ளவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது எழுத்தே இல்லை, வெறும் படம்.

ஃப்ளெக்ஸ் பேனர் சமநிலை

சமநிலை என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றுவது கோலம் மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது. கல்யாணப் பத்திரிகை அப்படித்தான். ஃப்ளெக்ஸ் பேனரும் அப்படித்தான்: மேலே வரிசையாகத் தலைவர்கள், இடது ஓரம் ஒருவர், வலது ஓரம் ஒருவர், நடுவில் பெரிய எழுத்து, கீழே சின்ன வட்டங்களில் நிர்வாகிகள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் விதி. பேனருக்கு அது சரி.

இந்தப் பழக்கம் அப்படியே இணையத்துக்கு வந்துவிட்டது. அரசுத் தளம் மட்டும் இல்லை. ஜவுளிக்கடை, தேங்காய் மண்டி, மருத்துவமனை, கல்லூரி எதுவானாலும் முதல் பக்கத்தில் 'எல்லாம் தெரியணும்' என்பதுதான் உரிமையாளர் வைக்கும் முதல் கோரிக்கை. லோகோ இன்னும் பெரிசா இருக்கணும் என்பது இரண்டாவது. சிறு ஊர்களில் வெப்சைட் செய்து கொடுக்கும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு வாக்கியமும் மனப்பாடம். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். காசு தருகிறவரிடம் எத்தனை முறை சொல்வது?

பக்கத்தின் சமநிலை என்பது எடை சம்பந்தப்பட்டது. பெரிய படம் கனம். அடர்ந்த நிறம் கனம். நகர்கிற எதுவும் மிகக் கனம், கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். வெற்றிடத்துக்கும் எடை உண்டு: சுற்றிலும் வெள்ளை விட்டு நடுவே ஒரு சின்ன பட்டன் வைத்தால் கண் நேராக அங்கே போகும். தராசில் ஒரு பக்கம் மூட்டை, மறு பக்கம் படிக்கல். இரண்டும் ஒரே உருவம் இல்லை, ஆனால் முள் நேராக நிற்கிறது. பக்கமும் அப்படி நின்றால் போதும்.

முதல் பக்கத்தில் மாறி மாறி ஓடும் பெரிய படங்களுக்கு – ஸ்லைடர் என்போம் – எவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்பதை அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத் தளத்தில் அளந்து பார்த்தார்கள். வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் அதைத் தொட்டார்கள். அதிலும் பெரும்பாலானோர் தொட்டது முதல் படத்தை. மூன்றாவது, நான்காவது படங்களைக் கிட்டத்தட்ட யாரும் சீண்டவில்லை. விழாப் படங்கள் ஓடும் அந்த இடம்தான் போனில் முதல் திரையை முழுசாக அடைத்துக்கொள்கிறது. கடைசித் தேதி அறிவிப்பு அதற்குக் கீழே, விரலால் இரண்டு முறை தள்ளிய பிறகு.

கடைசித் தேதி என்றால் டெல்டாவில் சும்மா இல்லை. சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 வரைதான் அவகாசம். பல ஆண்டுகளில் நீட்டித்திருக்கிறார்கள், ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் உட்கார முடியாது. ராபி பருவப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வடகிழக்குப் பருவமழை தீர்மானிக்கும். கஜா புயல் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது 2018 நவம்பர் 16-ல். இதே பக்கத்து நாட்கள்தான்.

இன்னொரு கெடு இதைவிடக் குறுகியது. அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ சேதமானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கின்றன பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிகள். மழை கொட்டுகிறது, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் 20 சதவீதம். அந்த நேரத்தில் 'சேதம் தெரிவிக்க' என்ற பட்டன் முதல் திரையில் இருக்கிறதா, மூன்று கோட்டுக்குள் நான்காவது உட்பிரிவில் இருக்கிறதா என்பது ரசனைப் பிரச்சினையா?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

இந்திய அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் 2009-லேயே வந்துவிட்டது. அதன் மூன்றாவது பதிப்பு 2023-ல் வந்தது. மாவட்டத் தளங்கள் நாடு முழுக்க ஒரே அச்சில் இருப்பதற்குத் தேசிய தகவலியல் மையத்தின் பொதுவான கட்டமைப்புதான் காரணம். அதனால் தஞ்சாவூர் தளம் தெரிந்தவருக்குத் திருவாரூர் தளமும் தெரியும், அது நல்லதுதான். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, மொழி மாற்றும் வசதி எல்லாம் அதில் உண்டு. சிக்கல் அச்சில் இல்லை, அதற்குள் என்ன வரிசையில் அடுக்குகிறோம் என்பதில் இருக்கிறது. அதை வழிகாட்டுதல் தீர்மானிக்காது, உள்ளூர் நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது.

உச்ச நீதிமன்றம் இரண்டு முறை இதில் தலையிட்டிருக்கிறது. 2024 நவம்பர் 8-ல் வந்த தீர்ப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் 'செய்தால் நல்லது' என்ற அளவில் இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்றது. 2025 ஏப்ரல் 30-ல், டிஜிட்டல் கேஒய்சி தொடர்பான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது: டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி. கண் சிமிட்டச் சொல்லும் ஒரு திரை, கண் சிமிட்ட முடியாத ஒருவரை வங்கிக் கணக்கிலிருந்து வெளியே நிறுத்துகிறது என்பதிலிருந்து தொடங்கிய வழக்கு அது. கிராமப்புற மக்கள், முதியோர் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது.

மாற்றுவதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டும் என்று சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மெனுவின் வரிசையை மாற்றக் காசு செலவில்லை. அக்டோபர், நவம்பரில் டெல்டா மாவட்டத் தளங்களின் முதல் திரையில் காப்பீடு, ஜனவரியிலிருந்து கொள்முதல் நிலையம், ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் தண்ணீர் – இப்படிப் பருவத்துக்குத் தகுந்தபடி நான்கு பட்டனை மாற்றி வைக்க யாரும் டெண்டர் விட வேண்டாம். காலண்டர் தாளைக் கிழிக்கிற மாதிரிதான்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். சென்னையில், பெங்களூரில் டிசைன் வேலை பார்க்கும் டெல்டாப் பிள்ளைகள் ஏராளம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ போனைக் கொடுத்து, "நம்ம வயல் பட்டாவை எடுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். 'அங்க அழுத்துங்கப்பா' என்று சொல்லத் துடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஐந்து பேரை இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்பது அந்தத் துறையில் பழைய அனுபவம்.

அந்தச் சோதனையில் பெரும்பாலும் முதலில் மாட்டுவது மெனுகூட இல்லை, தேடல் பெட்டி. ஊர்ப் பெயரையே ஒருவர் 'பட்டுக்கோட்டை' என்று அடிப்பார், இன்னொருவர் 'பட்டுகோட்டை' என்பார், ஆங்கிலத்தில் அடிக்கிறவர் ஒற்றைக் 'கே' போடுவார் அல்லது இரட்டை. யூடியூப் எதை அடித்தாலும் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. ஒரு க் குறைந்ததற்காக 'தகவல் எதுவும் கிடைக்கவில்லை' என்று திருப்பி அனுப்பும் தளத்தில், முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தப் பெட்டியைத்தான்.